பாதியில் விட்டவர்கள்

மாலை வெயில் மடிக்கணினித் திரையில் சாய்ந்து விழுகிறது. ஒரு மருந்துச் சோதனையின் முடிவுகளைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். பால்புட்டி கழுவிய ஈரக்கையோடு மனைவி என் தோளுக்குப் பின்னால் வந்து நிற்கிறாள். "நானூறு பேர்ல ஆரம்பிச்சது, எப்படி முந்நூத்தி எழுபது ஆச்சு?" "முப்பது பேர் மருந்த பாதியில விட்டுட்டாங்க. அவங்கள கணக்குலேர்ந்து தூக்கிட்டேன்." "விட்டவங்களையும் சேத்துத்தானே பாக்கணும்? ஒத்துக்காதவங்கதானே பாதியில விடுவாங்க, அவங்கள எடுத்துட்டா எந்த மருந்தும் நல்ல மருந்தாத்தான் தெரியும்." புள்ளியியல் முதுகலையில் எங்கள் வகுப்பில் எப்போதும் முதல் மதிப்பெண் அவளுடையதுதான். எனக்கு இந்த வேலை கிடைத்து ஊர் மாறியபோது, கடைசிப் பருவத் தேர்வை எழுதாமல் என்னோடு கிளம்பி வந்துவிட்டாள்; நான் மட்டும் விடுப்பு எடுத்துப் போய் எழுதிவிட்டு வந்தேன். "இதெல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கா?" என்கிறேன். "பரீட்சைதான்டா எழுதல," என்கிறாள், வகுப்பில் கூப்பிட்ட அதே குரலில். குழந்தை சிணுங்குகிறது, உள்ளே போகிறாள். முப்பது பேரையும் திரும்பச் சேர்க்கிறேன். அது ஒரு நொடி வேலைதான்.