யோசிக்கிறவங்க எத்தனை பேர்?

"எனக்கு எதுவும் தெரியாதும்மா. அவங்களையே கேட்டுக்கோங்க."

பாட்டில் தொழிற்சாலையின் மேலாளர் இப்படிச் சொன்னதும், கணக்கெடுக்க வந்தவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

எந்தத் தொழிலில் எத்தனை சதவீதம் பேர் மூளையை வைத்துப் பிழைக்கிறார்கள் என்று அளப்பதுதான் அவள் வேலை. வங்கி, மருத்துவமனை, அச்சகம், விளம்பர நிறுவனம் என்று ஏறி இறங்கியாயிற்று. பட்டம், பதவி எதையும் அவள் பார்ப்பதில்லை. வேலையில் ஒரு சிக்கல் வந்தால் முடிவெடுப்பது யார்? எடுப்பவர் அறிவுப் பணியாளர். ஒரு முடிவை ஒருவர் கணக்கில்தான் எழுதுவாள். இந்த முறை அவளை இதுவரை ஏமாற்றியதில்லை.

போன இடத்திலெல்லாம் மேலாளர்கள் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். யோசிக்கிறது நான், மற்றவர்கள் வெறும் கை கால்.

இவர் தலைகீழ். உலையின் சூட்டைக் குறைப்பது யார் என்று கேட்டால், உலையருகே நின்ற பெண்ணைக் கூப்பிட்டார். எந்த பாட்டிலை ஒதுக்குவது என்றால், பரிசோதிக்கிறவரைக் கைகாட்டினார். பாட்டில் வார்க்கும் அச்சு தேய்ந்துபோனால் என்ன செய்வீர்கள் என்றதற்கு, மெக்கானிக்கைத் தேடிக்கொண்டு போய்விட்டார்.

அவர்களிடம் தனித்தனியாகத் துருவித் துருவிக் கேட்டாள். பொய்யில்லை. அவரவர் முடிவை அவரவர்தான் எடுத்தார்கள்.

மேலாளரிடம் கேட்கவே மாட்டீர்களா என்றாள். உலைக்காரப் பெண் சிரித்தாள்.

"கேட்டா, 'உனக்கு என்ன தோணுது'ன்னு அண்ணன் நம்மளையே திருப்பிக் கேப்பார். அப்புறம் எதுக்குக் கேக்கணும்?"

கடைசியில் மேலாளரிடமே வந்து நின்றாள்.

"அப்போ உங்களுக்குன்னு என்னதான் சார் வேலை?"

"காலையில வருவேன். எல்லாரையும் ஒரு சுத்து பாத்துட்டு டீ குடிப்பேன். சாயங்காலம் கிளம்பிடுவேன்."

சொல்லும்போது அவர் முகத்தில் கூச்சமே இல்லை. சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குவதை இவ்வளவு தெம்பாக ஒப்புக்கொள்ளும் மனுஷனை அவள் பார்த்ததில்லை. அவர் ஒருவரை மட்டும் தயங்காமல் கணக்கிலிருந்து நீக்கினாள்.

மறுநாள் அவளை வரவழைத்த முதலாளியின் அறையில் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள்.

"ஒருத்தரைத் தவிர உங்க ஆளுங்க எல்லாருமே அறிவுப் பணியாளர்கள், சார். வேற எந்தத் தொழில்லயும் நான் இப்படிப் பார்க்கல."

முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். புது மிஷின் வரப்போகிறதாம். யோசித்து வேலை செய்பவர்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிட நினைத்திருந்தாராம். பாதிப் பேராவது போவார்கள் என்று எதிர்பார்த்தாராம்.

"ஒரே ஒரு ஆள்தானா? யாரும்மா அது?"

"உங்க மேலாளர்."

அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"அவரா? அந்த உலையை வடிவமைச்சதே அவர்தாம்மா. இங்கே இருக்கிற அத்தனை பேருக்கும் வேலை பழக்கினதும் அவர்தான்."

அவள் பேனாவை எடுத்துத் தன் கணக்கைத் திருத்தினாள்.

"நான் எண்ணினதுல தப்பு நடந்துடுச்சு சார். அனுப்புறதுக்கு இங்கே ஒருத்தர்கூட இல்ல."

முதலாளி அந்தக் காகிதத்தைப் பார்த்தார். சரி என்று தலையாட்டினார்.

வாசல் வரை போனவள் திரும்பி நின்றாள். இந்தக் கணக்கு எதற்கென்று அந்த மேலாளருக்குத் தெரியவே தெரியாதா என்று கேட்டாள்.

"தெரியாம என்ன?" என்றார் முதலாளி, மெல்ல. "பாதிப் பேரை அனுப்பப் போறேன்னு நான் சொன்னப்போ, 'வெளியாளை வச்சு எண்ணிப் பாருங்க, யோசிக்கத் தெரியாதவன் மட்டும் போகட்டும்'னு சொன்னதே அவர்தான்."