ஆபத்து உறுதியானது

மலைச் சுற்றுப்பாதையில் பாதி தூரம் கடந்தபோது, பூங்கோதையின் தம்பி இளமாறன் கால் வழுக்கிக் கீழே ஒரு பாறைத் திட்டில் விழுந்தான். ஆபத்தென்றால் மீட்பு வண்டியை அழைக்கும் அவனுடைய பேசும் கைப்பட்டை தெறித்து உடைந்தது. இடுப்பிலிருந்து வழிந்த ரத்தம் நிற்கவில்லை. பூங்கோதை தன் பட்டையிடம் மன்றாடினாள். சுற்று முடியும்வரை கழற்ற முடியாத பட்டை அது.

"உங்கள் நாடித்துடிப்பு சீராக இருக்கிறது. ஆபத்து இல்லை" என்றது.

"எனக்கில்ல, என் தம்பிக்கு. கீழ கெடக்கான்."

"அருகில் வேறு பட்டை எதுவும் இல்லை. பயணத்தைத் தொடருங்கள்."

அவள் கத்தினாள், மார்பில் அடித்துக்கொண்டாள், துடிப்பு ஏறட்டும் என்று மேட்டில் ஏறி இறங்கி ஓடினாள்.

"நல்ல உடற்பயிற்சி" என்றது பட்டை.

இளமாறனின் முனகல் தேய்ந்துகொண்டே வந்தது. இந்தப் பட்டை யார் வாயையும் நம்பாது, போட்டிருப்பவர் உடம்பைத்தான் நம்பும் என்று அவளுக்குப் புரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு திட்டை நோக்கிக் குதித்தாள்.

முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது.

"ஆபத்து உறுதியானது. ஒருவருக்கான மீட்பு வண்டி புறப்பட்டது."

"ஏன்க்கா குதிச்ச?" என்றான் இளமாறன்.

அவள் அவன் தலையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"வண்டி வந்ததும் நீ ஏறு. என் கையிலதான் பட்ட இருக்குல்லா, எனக்கு மறுபடி வரும்."