மூன்று, நான்கு, ஐந்து

அஸ்திவாரத்துக்கு நூல் கட்டியிருந்த தன் மனையில் அருணகிரி நின்றார். மேஸ்திரி இன்னும் வரவில்லை. "மூலை சரியாத்தான் தெரியுது," என்றார்.

"கண்ணுக்கு எல்லாம் சரியாத்தான் சார் தெரியும்," என்று சித்தாள் செங்கமலம் மூலையில் குந்தினாள். ஒரு நூலில் மூன்றடி அளந்து கரியால் புள்ளி வைத்தாள், அடுத்த நூலில் நான்கடி. டேப்பின் நுனியை அவரிடம் கொடுத்து முதல் புள்ளியில் பிடிக்கச் சொன்னாள். "குறுக்க அஞ்சடி வரணும். ஒரு அங்குலம் கூட வருது பாருங்க. மூலை விரிஞ்சிருக்கு."

பிதாகரஸ் தேற்றத்தை அவர் இருபத்திரண்டு வருடமாகக் கரும்பலகையில் நிறுவி வருகிறார். அதற்காக மண்ணில் குந்தியது இன்றுதான்.

"எம் பொண்ணு வெண்ணிலா பத்தாவது படிக்குது. இதை அதுக்குச் சொல்லிக்குடுத்தேன். அப்படியே கிளாஸ்ல போய்ச் சொல்லியிருக்கு. கல்லு மண்ணு சுமக்கறவங்க கணக்கு இங்க வேணாம்னு வாத்தியார் உக்கார வச்சுட்டாராம்." செங்கமலம் சிரித்தாள். "அதுலேருந்து எங்கிட்ட எதுவும் கேக்கறதில்ல சார்."

மூன்றாவது பெஞ்சு, ஜன்னல் ஓரம். வகுப்பே சிரித்தது அவருக்கு நினைவிருந்தது. முதலில் சிரித்தது அவர்தான்.

செங்கமலம் முளைக்குச்சியைப் பிடுங்கிச் சற்று உள்ளே தள்ளி அடித்தாள். "சார் எங்க வேலை பாக்கறீங்க?"

"ஒரு ஆபீஸ்ல."

டேப்பை மறுபடி இழுத்துப் பார்த்தவள் நிமிர்ந்தாள்.

"ஆடாம பிடிங்க சார். உங்க பக்கந்தான் நடுங்குது."