மாடியில் தையல் மெஷின்

"அவங்க இருந்துட்டுப் போகட்டுமே அத்தை. மாடி சும்மாதானே கிடந்துச்சு?" என்றாள் மருமகள். மாடியில் வாடகைக்கு வந்து தையல் கூடம் நடத்தும் பெண்களைப் பற்றித்தான் பேச்சு.

"உனக்கென்ன தெரியும் அவங்களப் பத்தி?" மாமியார் சீறினாள். "சண்டை நடந்தப்போ பட்டாளத்துக்காரங்க கையில சிக்கிச் சீரழிஞ்சவங்களாம். தெருவே ஒரு மாதிரியாப் பேசுது. இன்னைக்கே காலி பண்ணச் சொல்றேன்."

மருமகள் காய் கழுவத் திரும்பினாள். மாமியாரின் கோபம் காய் நறுக்கும் மேசை மேல் திரும்பியது. சுவரோரம் கிடக்க வேண்டிய மேசையை மருமகள் தினமும் வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டுவிடுவாள். வேடிக்கை பார்க்கிற புத்தி, வேறென்ன? மேசையைச் சுவரோடு சேர்த்துத் தள்ளிவிட்டு மாடி ஏறினாள்.

அவளுக்கு முன்னால் ஒருத்தி துணிமூட்டையோடு ஏறிக்கொண்டிருந்தாள். பாதிப் படியிலேயே, "நான்தான் வர்றேன்" என்று குரல் கொடுத்தாள். இதென்ன கூத்து என்று நினைத்துக்கொண்டாள் மாமியார்.

உள்ளே மெஷின்கள் எல்லாம் கதவைப் பார்த்தபடி இருந்தன. ஜன்னல் முதுகுப்பக்கம். தைக்கிற துணி மேல் தைப்பவளின் நிழலே விழுந்தது. சொல்ல வந்ததை மறந்து, "வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டித் தைச்சா கண்ணு என்னத்துக்கு ஆகும்? திருப்பிப் போடக் கூடாதா?" என்று கேட்டுவிட்டாள்.

பொறுப்பாக இருந்தவள் மெஷினை நிறுத்தினாள். "போட்டுப் பார்த்தோம்மா. கதவுக்கு முதுகு காட்டி உட்கார எங்க யாராலயும் முடியல. அன்னைக்கு அவனுங்க பின்னாலேருந்துதான் வந்தானுங்க. அதான் யார் வந்தாலும் படியிலயே குரல் கொடுத்துடுவோம்." சற்றுத் தயங்கி, என்ன விஷயமாக வந்தீர்கள் என்று கேட்டாள்.

மாமியார், சும்மாதான் வந்தேன் என்று சமாளித்துவிட்டு இறங்கினாள். எதற்காக வந்தோம் என்று நினைக்க நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

கீழே சமையலறையில் மருமகள் சுவரைப் பார்த்து நின்று நறுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு துண்டுக்கு ஒருமுறை கத்தியை நிறுத்திவிட்டு, தோளுக்கு மேலாக வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

மாமியார் கூடத்திலேயே நின்றுவிட்டாள். 'உனக்கென்ன தெரியும்' என்று கேட்ட வாயைத் தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"நான்தாம்மா வர்றேன்" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள். பிறகு உள்ளே போய் மேசையின் ஒரு முனையைப் பிடித்தாள். "அந்தப் பக்கம் நீ பிடி. வாசலைப் பார்த்தே போட்டுடலாம்."