ஃபேன் இருந்த இடம்

எலக்ட்ரீஷியன் டில்லிபாபு ஸ்டூலில் ஏறியதும் நீரஜா மறுபடியும் கேட்டாள்.

"மெயினை நன்னா அணைச்சேளா?"

"அணைச்சிட்டேன் மேடம். நீங்களும்தான பக்கத்துல நின்னு பாத்தீங்க."

அவள் குளியலறைக்குள் வரவில்லை. வெளியிலேயே, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் இருந்த அந்த ஃபிளாட்டில் அவள் மட்டும்தான். இந்தக் குளியலறையை வருஷக்கணக்காக யாரும் திறக்கவில்லை என்பது தாழ்ப்பாளின் துருவிலேயே தெரிந்தது. சுவரெல்லாம் பூஞ்சை பிடித்து, நாற்றம் படுக்கையறை வரை வந்துவிட்டதால்தான் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டக் கூப்பிட்டிருந்தாள்.

முன்பு ஃபேன் இருந்த ஓட்டையைப் பலகை வைத்து மூடி ஆணி அடித்திருந்தார்கள். அதைப் பிடுங்கும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டதை அவன் கவனித்தான்.

பலகைக்குப் பின்னால் பழைய ஒயர், முனையில் டேப் சுற்றித் தொங்கியது.

மெயின் அணைந்திருந்தாலும் டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் அவன் எந்த ஒயரையும் தொடுவதில்லை. டேப்பை லேசாக விலக்கி டெஸ்டரை வைத்தான்.

டெஸ்டர் சிவப்பாக எரிந்தது.

கையை மெல்ல இழுத்துக்கொண்டான்.

இறங்கி ஹாலுக்குப் போனான். மூலையில் இன்வெர்ட்டர் முனகிக்கொண்டிருந்தது. அதையும் அணைத்துவிட்டு வந்து மறுபடி வைத்துப் பார்த்தான். இப்போது எரியவில்லை.

"இந்த ஃபேன் லைன எவனோ இன்வெர்ட்டர்ல குடுத்துகிறான் மேடம். மெயின அணைச்சாலும் இதுல கரண்ட்டு வந்துகினேதான் கீது. வெளிய தனியா ஒரு ஸ்விட்ச் போட்டுர்றேன், ரெண்டையும் சேர்த்து வெட்டிடும்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"மெயினை அணைச்சாலுமா?"

"ஆமா மேடம்."

"அணைச்சவாளுக்கு அது தெரியாதா?"

"பட்டப்பகல்ல லைட்டு கூட எரியலன்னா இன்னா தெரியும்? அணைஞ்சிட்ச்சுன்னுதான் நெனைப்பாங்க."

நீரஜா நிலையோரமாகவே சரிந்து தரையில் உட்கார்ந்தாள்.

"பழைய ஃபேனைத் துடைக்க ஏறினப்போதான் ஷாக் அடிச்சு எங்கம்மா போனா," என்றாள். அவனிடம் சொல்வதுபோல் இல்லை. "மெயினை அணைச்சாச்சு, ஏறுன்னு அப்பா சொன்னார். அம்மா விழுந்தப்புறம் ஓடிப்போய் அணைச்சுட்டுப் பொய் சொல்றேள்னு நான்தான் அவரை, எல்லார் முன்னாடியும்…"



டில்லிபாபு டெஸ்டரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு ஸ்டூலிலிருந்து இறங்கினான்.

அவள் போனை எடுத்தாள். அப்பாவின் எண்ணைத் தேடிப் பிடிக்க வெகுநேரம் ஆயிற்று. அழுத்திவிட்டு, தன் காதில் வைக்காமல் அவனிடம் நீட்டினாள்.

"என்னால பேச முடியலை. இப்ப சொன்னதை அப்படியே அவர்கிட்ட சொல்லுங்கோ."

முதல் மணி முழுதாக அடிக்கக்கூட இல்லை, எடுத்துவிட்டார்கள். பின்னால் யார் யாரோ வயதானவர்களின் இருமல். வரிசையாகத் தட்டு வைக்கும் சத்தம்.

டில்லிபாபு வாயைத் திறப்பதற்குள் அந்தக் குரல் முந்திக்கொண்டது.

"நீரு, நான் அணைச்சேம்மா."