ஏழு கோட்டு அணில்

பிழைப்புத் தேடிக் குளிர்தேசத்துக்குக் கப்பலேறிப் போன வரியன் என்ற அணிலை, அங்கே கூத்துக் கொட்டகை நடத்திய நரி ஏற இறங்கப் பார்த்தது. "முதுகுல மூணு கோடுதானா? கடைசி வரிசைக்குத் தெரியாதே" என்று சொல்லி, மஞ்சள் சாயத்தால் இன்னும் நாலு கோடு இழுத்துவிட்டது. தென்னாட்டு அதிசயத்தைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. வரியனின் படம் ஒட்டாத மரமே இல்லை.

சாயம் ஓயாமல் அரித்தது. கழுவிவிடலாம் என்று தினமும் நினைப்பான். கைதட்டல் கேட்டதும் மறந்துபோவான்.

ஒருநாள் ஆட்டம் முடிந்து அவன் அசந்து கிடந்தபோது, புதிதாய் வந்திறங்கிய மூணு கோட்டு அணில் ஒன்று தயங்கித் தயங்கி உள்ளே வந்தது. அது வாயைத் திறந்ததுமே வரியனுக்குத் தெரிந்துவிட்டது, தன் ஊர்ப் புளியந்தோப்புக்காரன்தான் என்று.

"பிரமாதம் அண்ணே. எங்க பக்கத்துல உங்களை மாதிரி அணிலே கிடையாது. நீங்க எந்த ஊரு?"

வரியன் ஈரத்துணியை எடுத்து முதுகுவரை கொண்டுபோனான். அடுத்த ஆட்டத்துக்கு மணி அடித்தது. வெளியே கூட்டம் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது.

துணியைக் கீழே வைத்தான்.

"அது ரொம்பத் தூரம், தம்பி" என்றான்.