ஹாலில் மட்டும்

"தரையை நாசம் பண்ணது எவனோ, அவன் இந்தக் கோணியில ஏறணும்," என்றார் சுந்தர்ராஜ். சொன்னதோடு நிற்காமல் கோணியின் வாயை விரித்துக்கொண்டு சோபாவுக்கு முன்னால் மண்டியிட்டார்.

சோபாவுக்கு அடியில் பதுங்கியிருந்தது பிஸ்கட், அவர் மனைவி கரோலின் வளர்க்கும் கடுவன் பூனை. நர்ஸ் வேலை பார்ப்பவளுக்குச் சுத்தம் தெரியவில்லையே என்று அவருக்கு அவள்மேல் ஏளனம். பூனையை அமிர்தி காட்டோரம் விட்டுவிட்டு வந்தால் பீடை ஒழிந்தது.

ஆம்பூர்த் தோல் கம்பெனியில் ஃபினிஷிங் செக்‌ஷனுக்கே தலைவர் அவர். ஆசை ஆசையாக ஹாலுக்கு லேமினேட் தரை போட்டார். பூனை அடித்த மூத்திரத்தில் பலகை மூட்டெல்லாம் உப்பிவிட்டது. வருகிறவர்கள் மூக்கைப் பொத்தினால்தான் நாற்றம் என்பதே அவருக்குத் தெரியும். தோலோடு புழங்கிப் புழங்கி அவர் மூக்கு என்றைக்கோ செத்துப்போயிருந்தது.

வேலைக்கு வரும் மேகலா பிழிந்த துணியால் பட்டும் படாமல் துடைப்பதைப் பார்த்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளைச் சமையலறையோடு நிறுத்திவிட்டார். தோலில் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் அம்மோனியாவைக் கம்பெனியிலிருந்து கேனில் கொண்டுவந்து, தினமும் ஹாலைத் தானே துடைத்தார். அந்த நெடி தாங்கவில்லை என்று மேகலா முணுமுணுத்தபோது, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சிரித்தார்.

அவர் துடைக்கத் துடைக்கப் பூனையும் அங்கேயே போய் அடித்தது.

"இன்னா ஜென்மமோ. சமையக்கட்டுல ஒரு சொட்டு உடாது, என் ஹால்ல மட்டும்தான்," என்று சோபாவுக்கு அடியில் கையை நுழைத்தார்.

காலையிலேயே காட்பாடிக்குப் போய்க் கால்நடை டாக்டரைப் பார்த்துவிட்டு, கரோலின் அப்போதுதான் உள்ளே வந்தாள். அவள் கையில் அவருடைய கேன் இருந்தது.

"டாக்டர் மோந்து பாத்தாரு. இந்த நெடியும் பூன மூத்திர நெடியும் ஒண்ணுதானாம். வேற ஒரு கடுவன் வந்து ஹால புடிச்சிக்கிச்சின்னு நெனச்சிதான் பிஸ்கட் அது மேலயே அடிக்குதாம்."

சுந்தர்ராஜ் சோபாவுக்கு அடியிலிருந்து கையை உருவினார். கோணி இன்னும் அவர் கையில் வாயைத் திறந்துகொண்டிருந்தது.

கரோலின் அதைப் பார்த்தாள். பிறகு அவருடைய தொப்பையைப் பார்த்தாள்.

"இது உங்களுக்குப் பத்தாதே."